'ட்யஸ்': வலதா, தெற்கா, அழகா?

ஜனவரி 14, 2024 – வாசகர் கேள்வி

ஐரிஷ் மொழியில் 'ட்யஸ்' என்றால் அழகான, நல்ல என்று பொருளாம். அதே சொல்லுக்கு வலது என்றும் தெற்கு என்றும் பொருளாம். நம் 'தட்சிணம்' என்பதற்கும் வலது, தெற்கு இரண்டும் உண்டு. ஆகவே சமஸ்கிருதம்தான் அயர்லாந்து வரை போயிருக்கிறது என்று ஒரு காணொளியில் அடித்துச் சொல்கிறார்கள். அங்கே இருக்கிறவர் நீங்கள். உண்மையா?

ஜனவரி 14, இரவு

உறவு உண்டு. 'போயிருக்கிறது' என்பதுதான் தப்பு.

தட்சிணமும் ட்யஸும் பெரியம்மா பிள்ளை, சித்தி பிள்ளை முறை. ஒன்று இன்னொன்றைப் பெறவில்லை. லத்தீனில் டெக்ஸ்டர், கிரேக்கத்தில் டெக்ஸியோஸ், லிதுவேனியனில் டெஷினே, வேல்ஸ் மொழியில் டே எல்லாம் ஒரே குடும்பம். எல்லாவற்றுக்கும் 'வலது' பொதுப்பொருள்.

சொல்லின் வாலைப் பாருங்கள். அடி ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு மொழியும் தனக்கென்று ஒரு விகுதியை ஒட்டிக்கொண்டது. சமஸ்கிருதம் '-இன', லத்தீன் '-டெர்', ஐரிஷும் வேல்ஸும் சேர்ந்த கெல்டிக் மொழிகள் வகரம் வரும் ஒரு விகுதி. கடன் வாங்கியிருந்தால் வாலோடு சேர்ந்துதான் வந்திருக்கும். தமிழுக்கு வந்த 'தட்சிணம்' அப்படித்தான் ணகரத்தோடு முழுசாக வந்து இறங்கியது. ஐரிஷில் அந்த ணகரத்தின் சுவடே கிடையாது.

இன்று மார்கழிக் கடைசி, தட்சிணாயனம் முடிகிற நாள். நாள் பார்த்துத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

ஜனவரி 15

"தட்சிணத்தின் 'க்ஷ' எங்கே போயிற்று? வெறும் 'ஸ்' தானே இருக்கிறது" என்று இன்னொருவர் மடக்குகிறார். நியாயமான கேள்வி.

ஐரிஷில் பழைய 'க்ஸ்' தேய்ந்து 'ஸ்ஸ்' ஆனது. பழைய ஐரிஷில் நம் சொல் 'டெஸ்ஸ்'. இந்தத் தேய்வு இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. காளைக்குச் சமஸ்கிருதத்தில் 'உக்ஷன்', ஆங்கிலத்தில் 'ஆக்ஸ்', பழைய ஐரிஷில் 'ஒஸ்ஸ்'. பொருள் மட்டும் அயர்லாந்தில் மானாக மாறிவிட்டது. கதைகளில் வரும் 'ஒஷீன்' என்ற பெயருக்கு மான்குட்டி என்று பொருள். லத்தீனில் 'எக்ஸ்' என்று வரும் முன்னொட்டு ஐரிஷில் 'எஸ்ஸ்'. எடுத்த இடத்தில் எல்லாம் அதே தேய்வு. காதுக்கு ஒத்துப்போகிறது என்று கட்டும் கதையில் இந்த ஒழுங்கைக் காட்ட முடியாது. காணொளிக்காரர் தப்பான காரணம் சொல்லிச் சரியான ஜோடியைப் பிடித்துவிட்டார்.

உச்சரிப்பு கேட்டவர்களுக்கு: எழுத்து நான்கு. டி, இ, ஏ, எஸ். நான் இருக்கிற கார்க் பக்கம், அதாவது தெற்கு மாகாணமான மன்ஸ்டரில், 'ட்யஸ்'. வடக்கே டொனிகோல்காரர் வாயில் அது கிட்டத்தட்ட 'ஜஸ்'. இந்த இழையில் நான் தெற்கத்தி உச்சரிப்பையே எழுதுகிறேன். தெற்கு என்ற சொல்லைத் தெற்கத்திக்காரன் சொல்வது போலச் சொல்வதுதானே முறை.

ஜனவரி 17

வலது எப்படித் தெற்கு ஆயிற்று? கிழக்கு பார்த்து நின்றால் ஆயிற்று.

பழைய ஐரிஷ்காரர் சூரியன் எழுகிற பக்கம் முகம் வைத்துத்தான் திசைக்குப் பெயர் வைத்தார். வலக்கைப் பக்கம் தெற்கு: டெஸ்ஸ். இடக்கைப் பக்கம் வடக்கு: 'டூவத்'. முதுகுப் பக்கம் மேற்கு: 'ஈயர்'. இந்த ஈயருக்கு 'பின்னால்', 'பிறகு', 'மேற்கு' மூன்றும் பொருள். இன்றைக்கும் 'ஷீயர்' என்றால் மேற்கே என்றும் பின்னுக்கு என்றும் கொள்ளலாம். மாலை வகுப்பில் ஆசிரியை "ஷீயர், ஷீயர்" என்று கையை அசைத்தார். நாங்கள் எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினோம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் மட்டும் கைப்பேசியைத் திறந்து மேற்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சமஸ்கிருதமும் இதே நிலையில் நின்றுதான் பேசுகிறது. பூர்வம் என்றால் முன், கிழக்கு. பச்சிமம் என்றால் பின், மேற்கு. வடக்குக்கு மட்டும் 'உத்தரம்', உயர்ந்தது என்று மாற்றிக்கொண்டது. அரபியிலும் வலக்கைப் பக்கம்தான் தெற்கு. யேமன் நாட்டின் பெயரில் இருப்பது அந்த வலதுதான். தமிழ் இந்த ஆட்டத்தில் சேரவில்லை. கீழே இருப்பது கிழக்கு, மேலே இருப்பது மேற்கு. அவர்கள் உடம்பைப் பார்த்தார்கள், நம்மவர்கள் தரையின் சரிவைப் பார்த்தார்கள்.

ஜனவரி 17, கொஞ்ச நேரம் கழித்து

டெஸ்மண்ட் என்ற பெயரை விட்டுவிட்டேனே. 1118இல் மேற்கு மாகாணமான கானக்டின் அரசன் டர்லா ஓகானர், கார்க்குக்குப் பக்கத்தில் க்ளன்மயர் என்ற இடத்தில் வைத்து மன்ஸ்டரை இரண்டாகப் பிரித்தான். தெற்குப் பாதி மக்கார்த்திகளுக்கு, வடக்குப் பாதி ஓபிரையன்களுக்கு. தெற்குப் பாதியின் பெயர் 'ட்யஸ்' சேர்ந்த மன்ஸ்டர். ஆங்கிலேயர் வாயில் அது டெஸ்மண்ட் ஆனது. வடக்குப் பாதி 'டூவத்' சேர்ந்து தாமண்ட் ஆனது. லிமரிக்கில் ரக்பி ஆடுகிற தாமண்ட் பார்க் மைதானத்தின் பெயரில் இருப்பது அந்த இடக்கைப் பக்கம்தான். 1329இல் டெஸ்மண்ட் பிரபு என்ற பட்டம் வந்தது, பட்டம் குடும்பப் பெயராகி, பிறகு பிள்ளைகளுக்கு வைக்கிற பெயராகியது. தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் பெயருக்குள் ஒரு தெற்கு மன்ஸ்டர் உட்கார்ந்திருக்கிறது.

ஜனவரி 20

இனி இலக்கணம். பொறுமை இல்லாதவர்கள் அடுத்த குறிப்புக்குத் தாவிவிடலாம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், அதனால் நீளும்.

தமிழில் 'நல்ல' என்பது எதற்கும் அசையாது. நல்ல ஆண், நல்ல பெண், நல்லவர்கள் வீட்டு நல்ல நாய்கள், எங்கும் அதே 'நல்ல'. ஐரிஷ் பெயரடை பெயருக்குப் பின்னால் வரும். முன்னால் நிற்கிற பெயர் ஆண்பாலா, பெண்பாலா, ஒருமையா, பன்மையா, என்ன வேற்றுமை என்று பார்த்து அதற்கேற்ப மாறும். முகமும் மாறும், வாலும் மாறும்.

'ஃபர் ட்யஸ்': நல்ல மனிதன். 'ப்யன் யஸ்': நல்ல பெண். பெண்பால் பெயருக்குப் பின்னால் டகரம் குழைந்து யகரம் ஆகிவிட்டது. எழுத்தில் டி-க்கு அடுத்து ஒரு ஹெச் போட்டுக் காட்டுவார்கள். அடுத்து ஆறாம் வேற்றுமைக்கு வாருங்கள். நல்ல மனிதனின்: 'ஃபிர் யெஷ்'. நல்ல பெண்ணின்: 'ம்னா டெஷெ'. ஆணுக்கு முதலில் வல்லோசை, ஆறாம் வேற்றுமையில் குழைவு. பெண்ணுக்கு முதலில் குழைவு, ஆறாம் வேற்றுமையில் வல்லோசை. நேர் எதிர்.

மனப்பாடம் செய்ய வைத்தால் இது சித்திரவதை. காரணம் தெரிந்தால் அழகு. ஆதி ஐரிஷில் ஆண்பால் பெயர் '-அஸ்' என்று முடிந்தது, லத்தீனின் '-உஸ்' போல. அந்த மெய் தடுத்ததால் அடுத்த சொல்லின் டகரம் குழையவில்லை. ஆறாம் வேற்றுமையில் '-ஈ' என்று உயிரில் முடிந்தது. இரண்டு உயிருக்கு நடுவே மாட்டிய டகரம் குழைந்தது. பெண்பால் முதலில் '-ஆ', உயிர், ஆகவே குழைவு. ஆறாம் வேற்றுமையில் '-ஆஸ்', மெய், ஆகவே தடை. பிற்காலத்தில் இந்த ஈறுகள் அத்தனையும் உதிர்ந்துபோயின. ஈறு போனாலும், அது அடுத்த சொல்லின் தலையில் வைத்துவிட்டுப் போன அடையாளம் மட்டும் தங்கிவிட்டது. இன்றைய ஐரிஷ் இலக்கணத்தின் பெரும் தலைவலியான முதலெழுத்து மாற்றம் முழுக்கவே இப்படி உதிர்ந்தவை விட்டுப்போன தழும்புதான்.

உதிர்ந்ததற்குச் சாட்சி வேண்டுமா? ஏறத்தாழ 4 முதல் 6ஆம் நூற்றாண்டு வரையிலான ஒகம் கல்வெட்டுகள் இருக்கின்றன. நடுகல்லின் விளிம்பில் கோடு கோடாக வெட்டிய எழுத்து. 'இன்னாரின் மகனின்' என்று வரும் இடத்தில் 'மக்கி' என்று இகர ஈறு கல்லிலேயே இருக்கிறது. இன்றைய ஐரிஷில் மகன் 'மக்', மகனின் 'மிக்'. கடைசி இகரம் போய்விட்டது, போகும்போது உள்ளே இருந்த அகரத்தை இகரமாக்கிவிட்டுப் போயிருக்கிறது. 'ட்யஸ்' ஆறாம் வேற்றுமையில் 'டெஷ்' ஆவதும் இப்படித்தான். ஸகரம் ஷகரமானது அந்தப் பழைய ஈகாரத்தின் வேலை.

பன்மை: 'ம்னா ட்யஸ' நல்ல பெண்கள், 'ஃபிர் யஸ' நல்ல மனிதர்கள். இதில் குழைவுக்குப் பால் காரணம் இல்லை. 'ஃபிர்' என்ற பன்மைச் சொல் மெலிந்த மெய்யில், அதாவது இகரச் சாயல் ஏறிய மெய்யில், முடிவதுதான் காரணம். இன்னும் நல்ல என்பதற்கு 'நீஸ் டெஷெ'. இந்த ஒப்பீட்டு வடிவமும் பெண்பால் ஆறாம் வேற்றுமை வடிவமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒன்றை மனப்பாடம் செய்தால் இன்னொன்று இலவசம்.

ஜனவரி 21

ஆமாம், 'கலீன்' என்றால் பெண்பிள்ளை. ஆமாம், அது இலக்கணப்படி ஆண்பால். 'கலீன் ட்யஸ்' தான், 'கலீன் யஸ்' கிடையாது. '-ஈன்' என்ற சிறுமை விகுதி அதை ஆண்பாலாக்கி வைத்திருக்கிறது. ஆனால் அவளைச் சுட்டும்போது 'அவள்' என்றே சொல்வார்கள். இலக்கணம் ஒரு வாக்கியத்துக்குள்ளேயே மனசு மாறிவிடும்.

ஜனவரி 24

"மிக நல்ல என்பதற்கு 'ஆன்' சேர்த்தால் அடுத்த எழுத்து குழையுமே, ஏன் 'ஆன்-யஸ்' என்று வரவில்லை?" என்று கேட்டவர் நிச்சயம் ஐரிஷ் படிக்கிறவர். 'மா' என்றால் நல்ல, மிக நல்ல என்றால் 'ஆன்-வா'. மகரம் குழைந்து வகரமாகிறது. ஆனால் 'ஆன்-ட்யஸ்' அப்படியே நிற்கும். னகரமும் டகரமும் நாக்கு கிட்டத்தட்ட ஒரே இடத்தில் தொட்டுப் பிறக்கிறவை. பக்கத்தில் பக்கத்தில் வந்தால் குழைய இடமில்லை. 'அளவுக்கு மீறி' என்ற 'ரோ' உயிரில் முடிவதால் அங்கே தடை இல்லை: 'ரோ-யஸ்'.

இன்னொரு விஷயம் என்னை அதிகமாக யோசிக்க வைத்தது. 'நாள் குளிராக இருக்கிறது' என்றால் 'டா அன் லா ஃபூர்'. 'நாள் அழகாக இருக்கிறது' என்றால் 'டா அன் லா கு ட்யஸ்'. நடுவில் ஒரு 'கு' முளைக்கிறது. பொதுவாகப் பெயரடையை வினையடையாக்குவது இந்தக் 'கு' தான், நம் '-ஆக' மாதிரி. ஆனால் நல்ல, அழகான, அருமையான, மோசமான என்று ஒரு சின்னக் கூட்டம் இருக்கிறது. அவை பயனிலையாக வரும்போதும் கு-வைக் கூட்டிக்கொண்டுதான் வரும். குளிர், சிவப்பு, உயரம் எல்லாம் பொருளின் குணம். கு-கூட்டமோ பெரும்பாலும் பேசுகிறவரின் தீர்ப்பு. நம் ட்யஸ் தீர்ப்புக் கூட்டத்தில் இருக்கிறது.

இதை வைத்து நான் ஒரு முடிவுக்கு வருகிறேன். 'வலது' என்ற ட்யஸ் ஒருபோதும் கு-வோடு வராது. ஒப்பீடும் எடுக்காது, இன்னும் வலதான கை என்று ஒன்று இருக்க முடியாதே. 'அழகான' என்ற ட்யஸ் இரண்டையும் எடுக்கும். வேர் ஒன்றாக இருந்தாலும் இன்றைய மொழிக்குள் இவை இரண்டு பெயரடைகள். பழைய ஐரிஷிலேயே வலது என்பதோடு பொருத்தமான, முறையான என்ற பொருளும் சேர்ந்திருந்தது. அந்தப் படியில் ஏறித்தான் அழகு வந்தது. வலக்கை, பழகிய கை, திருத்தமாகச் செய்யும் கை, திருத்தமானது, பார்க்க நன்றாக இருப்பது. பழுது பார்ப்பதற்கு ஐரிஷில் 'டெஷூ' என்பார்கள், அதே குடும்பம். சடங்குக்கு 'ட்யஸ்க்னா', முறையான வழக்கம். இடக்கைப் பழக்கம் உள்ளவரை 'கிட்டோக்' என்பார்கள், அதன் பெயரடைக்குத் தடுமாற்றமான என்றும் பொருள். சோத்தாங்கை, பீச்சாங்கை என்று பிரித்து வைத்த நாம் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஜனவரி 25

"தெற்கு என்ற பொருளை மறந்துவிட்டீர்களே." மறக்கவில்லை. அது மூன்று துண்டாக வாழ்கிறது: தெற்கில் இருப்பது 'ஹஸ்', தெற்கே போவது 'ஓ யஸ்', தெற்கிலிருந்து வருவது 'அன்யஸ்'. எல்லாத் திசைக்கும் இந்த மூன்று உண்டு. பெயர்ச்சொல் வேண்டுமென்றால் 'டெஷ்கெர்ட்'. நாளேட்டில் அரசியல் செய்தி படித்தால் ஒரு பத்தியில் நாலு முறை கண்ணில் படும்.

பிப்ரவரி 4

பிரதட்சிணம் பற்றிக் கேட்டவருக்கு. இதைத்தான் நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

'டெஷல்' என்று ஒரு சொல். ட்யஸ் என்பதோடு 'திருப்பம்' என்ற சொல் சேர்ந்தது. பொருள்: வலப்பக்கமாக, சூரியன் போகிற வழியில். சுற்றப்படும் பொருள் எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். பிரதட்சிணமும் அதேதான், வலம் வருதலும் அதேதான். முதல் இரண்டிலும் அதே வேர். 'வலம்' மட்டும் நம் சொந்தச் சொல், வேர் வேறு, செயல் ஒன்று.

பிப்ரவரி 1 அயர்லாந்தின் புனிதர் பிரிஜட்டின் திருநாள். கிளேர் மாவட்டத்தில் லிஸ்கனருக்குப் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு புனிதக் கிணறு இருக்கிறது, போய்வந்தேன். கிணற்றுக்குப் போகும் ஒடுங்கிய வழியின் இரு சுவரிலும் மாதா சிலைகள், ஜெபமாலைகள், இறந்தவர்களின் புகைப்படங்கள், ஈரத்தில் மை கலைந்த கடிதங்கள். வெளியே ஒரு வயதான அம்மா வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார். கையில் சின்னக் கூழாங்கற்கள், சுற்றுக்கு ஒன்றாகக் கீழே வைத்தார். எண்ணிக்கை தப்பாமல் இருக்க அதுதான் இங்கே பழைய வழி. நானும் கூடச் சுற்றினேன், எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எதிர்ப்பக்கம் சுற்றுவது 'டூஹல்'. தப்புச் செய்வதற்கும் அதே சொல். ஒருவரைச் சபிக்கத் திருப்பும் பழைய சாபக் கற்களைத் திருப்புவது இந்தப் பக்கமாகத்தான். பழைய ஐரிஷ் வீரன் கூ ஹுலின் கதையில் அவன் தேரின் இடப்பக்கத்தை அரண்மனைக்குக் காட்டி ஓட்டி வருகிறான், ஊரே அதைப் பகையின் அறிவிப்பாக எடுத்துக்கொண்டு நடுங்குகிறது.

பிப்ரவரி 6

ஒருவர் தனிமடலில் கேட்டார்: இங்கே இரங்கல் அறிவிப்புகளின் அடியில் வரும் வரி என்ன? 'எர் யெஷ் ட்யே கு ரெவ் அ அனம்'. கடவுளின் வலப்பக்கத்தில் அவர் ஆன்மா இருக்கட்டும். 'யெஷ்' என்பது நம் சொல்லின் பெயர் வடிவம். சாலையில் 'வலப்பக்கம் திரும்பு' என்பதற்கும் அதே 'எர் யெஷ்' தான். இறந்தவர் பெண் என்றால் 'அ ஹனம்'. 'அவருடைய' என்ற சொல் இரண்டுக்கும் ஒரே 'அ'. ஆணா பெண்ணா என்று காட்டுவது ஆன்மாவின் தலையில் வரும் ஒரு ஹகரம் மட்டும். கூட வேலை செய்தவரின் அம்மா இறந்தபோது அட்டையில் எழுத உட்கார்ந்தேன். அந்த ஹகரத்தைப் போட்டுவிட்டுத்தான் மற்ற எழுத்துகளையே எழுதினேன்.

பிப்ரவரி 9

இது வரும் என்று தெரியும். "தமிழில் 'தென்' என்றால் தெற்கு, நிகண்டில் அழகு, இனிமை என்றும் பொருள். ஆகவே ட்யஸ் தமிழிலிருந்து..."

நிறுத்துங்கள். தென் பற்றிச் சொன்னது சரி. தென்றல் தெற்கிலிருந்து வருவதும் சரி. 'ஆகவே' என்ற சொல்தான் சரியில்லை. ட்யஸ் தெற்கானது வலக்கை வழியாக. தென்னுக்கு அந்த வழி தேவையே இல்லை, அது ட்யஸின் பழைய க்ஸ் ஓசையையும் காட்டவில்லை. காணொளிக்காரரிடம் கேட்ட அதே கேள்வியை நம்மிடமும் கேட்க வேண்டும். தமிழ் இந்த வேரைத் தொடும் இடங்கள் வேறு: தட்சிணாமூர்த்தி, தட்சிணாயனம், பிரதட்சிணம், அப்புறம் பிராகிருதம் வழியாக வந்த தக்காணம். போதாதா?

அதே வாசத்தில் இன்னொன்று. வாட்டர்ஃபர்ட் பகுதியை 'டேஷெ' என்பார்கள், ஹர்லிங் என்ற ஐரிஷ் மட்டைப்பந்து விளையாட்டில் அந்த மாவட்ட அணிக்கும் அதுதான் செல்லப்பெயர். தெற்குக் கரையில் இருப்பதால் 'தெற்கத்தியார்' என்று விளக்கம் கொடுத்திருக்கிறார் ஒருவர். ஏகாரம் நெடில், வேர் வேறு. அது அரசனுக்குக் கட்டுப்பட்ட குடிகள் என்ற பழைய சொல். அங்கே போய் வலக்கைக் கதை சொல்லாதீர்கள்.

பிப்ரவரி 13

கடைசியாக வந்த இரண்டு கேள்விகள்.

ஸ்காட்லாந்து கேலிக்கில் இதே சொல் உண்டா? உண்டு, வலது, தெற்கு எல்லாம் உண்டு. ஆனால் நம் டெஷலின் அண்ணன் அங்கே 'தயார்' என்ற பொருளுக்குப் போய்விட்டார். "கிளம்பத் தயாரா?" என்று கேட்கிறவர் ஐரிஷ்காரர் காதுக்கு "நீ வலமாகச் சுற்றுகிறாயா?" என்று கேட்கிறார்.

டொனிகோலில் 'வீடு கடைக்கு ட்யஸ்' என்றால் என்ன? பக்கத்தில் என்று பொருள். இன்னும் பக்கத்தில் என்பதற்கும் 'நீஸ் டெஷெ' தான். அகராதிகள் இதைத் தனிச் சொல்லாகப் பிரித்து வைக்கின்றன, நானும் அப்படியே வைக்கிறேன். அங்கே வாடகை வீடு பார்க்கப் போகிறவர்கள் கவனம்: தரகர் 'நீஸ் டெஷெ' என்று சொன்னால், வீடு நன்றாக இருக்கிறதா, கடைத்தெருவுக்குப் பக்கமா என்று இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.